புதுத்துருவின் ஆற்றல்: இரும்பு ஆக்சைடு நானோ துகள்களின் உருவாக்கமும் ஆய்வும் (1834–2017)

ஆய்வுச்சுருக்கம்

உலோக ஆக்சைடு நானோ துகள்களின் வரலாறு பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குவதாகவே எழுதப்படுகிறது. இரும்பு ஆக்சைடைப் பொறுத்தவரை இக்கருத்து பொருந்தாது. 1834இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்சனிக் நஞ்சுக்கு முறிவு மருந்தாக முன்மொழியப்பட்ட புதுவீழ்படிவு இரும்பு ஹைட்ராக்சைடும், 2017இல் சென்னையிலிருந்து வெளியான ஆர்சனிக் நீக்கும் வடிகட்டிப் பொருளும் வேதியியல் நோக்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் இத்துகள்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன, எவ்வாறு அளக்கப்பட்டன, எதற்குப் பயன்பட்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. மிகச் சிறிய துகள் பெற்றுள்ள ‘புதுமை’ நிலையைக் கெடாமல் காப்பதே இவ்வரலாறு முழுவதும் தொடர்ந்து வரும் மையச் சிக்கல் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இரும்பு ஆக்சைடு, நானோ துகள், கூழ்மம், ஃபெரிஹைட்ரைட், பரப்புக் கவர்தல், ஆர்சனிக், குடிநீர்.

முன்னுரை

இரும்பு துருப்பிடித்தல் இழப்பின் அடையாளமாகவே வழக்கில் கருதப்படுகிறது. துரு ஏறிய கருவி பயனற்றதாகிறது. துருப்பிடித்த நீர் குடிக்கத் தகாததாகிறது. ஆயின் வேதியியலார் பார்வையில் துரு என்பது ஒரே பொருளன்று. இரும்பு, ஆக்சிஜன், நீர் ஆகியவை வெவ்வேறு அளவிலும் ஒழுங்கிலும் சேர்வதால் உண்டாகும் ஒரு குடும்பத்தின் பொதுப்பெயர் அது. ஹேமடைட், கோதைட், மேக்னடைட், ஃபெரிஹைட்ரைட் முதலியவை அக்குடும்பத்தைச் சார்ந்தவை. இவற்றுள் சில பெரும் படிகங்களாக வளரக் கூடியவை. ஃபெரிஹைட்ரைட் மட்டும் அவ்வாறு வளர்வதில்லை. சில நானோமீட்டர் அளவுக்கு மேல் அது அதுவாகவே நிலைப்பதில்லை. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

‘நானோ’ என்னும் முன்னொட்டு 1960இல்தான் பன்னாட்டு அலகு முறையில் இடம்பெற்றது. ‘நானோ தொழில்நுட்பம்’ என்னும் தொடரை ஜப்பானிய அறிஞர் நோரியோ தானிகுச்சி 1974இல் கையாண்டார். எனவே அதற்கு முந்தைய ஆய்வாளர் எவரும் தாம் ஆக்கிய பொருளை இப்பெயரால் அழைத்திருக்க இயலாது. ஆயினும் பெயர் பிறக்கும் முன்பே பொருள் இருந்தது. அதன் இயல்புகள் கண்டறியப்பட்டன. அவ்வியல்புகளைக் காப்பதற்கான வழிகளும் தேடப்பட்டன. இத்தேட்டத்தை வரிசைப்படுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு ஒரு வரையறையும் தேவைப்படுகிறது. சித்த மருத்துவத்தில் அயம் எனப்படும் இரும்பிலிருந்து செந்தூரம் முடிக்கும் மரபு உண்டு. அண்மைக் காலத்தில் செந்தூரங்களையும் பற்பங்களையும் மின்னணு நுண்ணோக்கியில் ஆய்ந்தோர் அவற்றில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதைப் பதிவு செய்துள்ளனர். அச்செந்தூரங்கள் புடமிட்டுச் சூட்டால் முடிக்கப்படுபவை. இக்கட்டுரை பேசும் துகள்களோ நீரில், பெரும்பாலும் சூடின்றிப் பிறப்பவை. அளவு ஒத்திருப்பதனால் மட்டும் இரு மரபுகளின் கருத்தும் ஒன்றாகிவிடுவதில்லை. ஆகவே செந்தூர மரபு தனி ஆய்வுக்குரியது எனக் கொண்டு, நீர்வழி ஆக்கத்தின் வரலாறே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கோட்டிங்கனில் ஒரு நச்சுமுறி

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஐரோப்பாவில் வெள்ளைப் பாஷாணம் எளிதில் கிடைத்த நஞ்சாக இருந்தது. எலிகளைக் கொல்ல விற்கப்பட்ட இந்த ஆர்சனிக் ஆக்சைடுக்கு நிறமில்லை. உணவில் கலந்தால் சுவையாலும் எளிதில் அறிய இயலாது. உடலில் ஆர்சனிக்கைக் கண்டறியும் மார்ஷ் சோதனை 1836இல்தான் வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1834இல், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் இளம் வேதியியலாளர் ராபர்ட் பன்சனும் மருத்துவர் அர்னால்ட் பெர்த்தோல்டும் நீரேறிய இரும்பு ஆக்சைடை வெள்ளைப் பாஷாணத்துக்கு முறிவு மருந்தாக முன்மொழிந்து நூல் வெளியிட்டனர். பன்சனுக்கு அப்போது வயது 23. அவர் பின்னாளில் நிறமாலை ஆய்வாலும், தம் பெயர் தாங்கிய ஆய்வக எரிவிளக்காலும் உலகப் புகழ் பெற்றார். பெர்த்தோல்டோ சேவல்களைக் கொண்டு செய்த 1849ஆம் ஆண்டு ஆய்வால் நாளமில்லாச் சுரப்பியியலின் முன்னோடியாக மதிக்கப்படுகிறார்.

அம்மருந்தின் ஆக்கமுறை எளியது. இரும்பு உப்பின் கரைசலில் அம்மோனியா போன்ற காரத்தைச் சேர்த்தால் செம்பழுப்பு நிறத்தில் கூழ் போன்ற வீழ்படிவு தோன்றும். அதனைக் கழுவி, ஈரம் உலராத நிலையில் மிகுதியாகப் புகட்ட வேண்டும். கரைந்துள்ள ஆர்சனிக் அவ்வீழ்படிவின்மேல் பற்றிக்கொள்ளும். பற்றியபின் எளிதில் கரையாது. கரையாத நஞ்சு உடலில் ஏறாமல் வெளியேறும். மார்ஷ் சோதனை குற்றத்தை மெய்ப்பிக்கப் பயன்பட்டதெனில், இம்மருந்து உயிரைக் காக்க முயன்றது.

இம்மருந்து தொடர்பாக மருந்துநூல்கள் வலியுறுத்திய ஒரு நெறி இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. வீழ்படிவு புதிதாக இருத்தல் வேண்டும் என்பதே அது. நாள்பட்டதும் உலர்ந்ததும் ஆற்றல் குன்றின. எனவே இரும்பு உப்புக் கரைசலையும், அதனை வீழ்படிவாக்கும் மக்னீசியாவையும் தனித்தனியே ஆயத்தமாக வைத்து, நஞ்சுண்டவர் வந்தவுடன் கலந்து கொடுக்கும் முறை ஐரோப்பிய, அமெரிக்க மருந்துநூல்களில் இடம்பெற்றது. வேதியியல் வாய்பாட்டளவில் புதியதற்கும் பழையதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எனினும் ஒன்று நஞ்சைப் பற்றியது, மற்றொன்று பற்றவில்லை. ஏன் என்பதற்கு அன்று விடை கிடைக்கவில்லை. விடை, பொருளின் இயைபில் அன்றித் துகளின் அளவில் இருந்தது. புதிதாகப் பிறக்கும் துகள்கள் சில நானோமீட்டர் அளவினவே. காலம் செல்லச்செல்ல அவை ஒன்றோடொன்று சேர்ந்தும் கரைந்து மீண்டும் படிந்தும் கோதைட் அல்லது ஹேமடைட்டாக மாறுகின்றன. படிகம் வளர வளரப் புறப்பரப்பு குறைகிறது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். இரும்பு ஆக்சைடின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம். ஒரு கிராம் ஆக்சைடை ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கினால் அவற்றின் மொத்தப் புறப்பரப்பு 12 சதுரசென்டிமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் உருண்டைகளாக்கினால் 1.2 சதுரமீட்டர். 10 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் 120 சதுரமீட்டர். பொருளின் எடை மாறவில்லை; நஞ்சு வந்து அமரும் இடம் மட்டும் பல்லாயிரம் மடங்காகப் பெருகிவிடுகிறது.

பன்சன் பின்னர் காசல் நகரில் ஆர்சனிக்கின் கரிமச் சேர்மங்களை ஆய்ந்தபோது வெடிவிபத்தொன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். நஞ்சேறி உயிருக்கும் போராடினார். அவர் முன்மொழிந்த இரும்பு மருந்தே அவரைக் காத்தது என அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

கிரகாமும் கூழ்மக் கோட்பாடும்

புதுவீழ்படிவின் மென்மையான நிலையை நெடுநாள் காக்கும் வழி லண்டனில் கண்டறியப்பட்டது. ஸ்காட்லாந்தில் பிறந்தவரும் அன்றைய பிரித்தானிய நாணயச்சாலைத் தலைவருமான தாமஸ் கிரகாம் 1861இல் நீர்மங்களின் விரவல் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். உப்பு, சர்க்கரை போன்றவை காகிதத்தோல் சவ்வின் ஊடே எளிதில் செல்கின்றன; பசை, ஊன்பசை போன்றவை செல்வதில்லை. இரண்டாம் வகையினைப் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘கொலாய்டு’ என அவர் பெயரிட்டார். தமிழில் கூழ்மம் என வழங்குவது இதுவே. சவ்வினால் இவ்விரு வகைகளையும் பிரிக்கும் முறைக்கு ‘டயாலிசிஸ்’ என்று அவர் இட்ட பெயர் இன்று சிறுநீரக மருத்துவத்தின் வழியாக ஊரெங்கும் அறிந்த சொல்லாகிவிட்டது.

இரும்பு குளோரைடுக் கரைசலில் இயன்ற அளவு இரும்பு ஹைட்ராக்சைடைக் கரைத்து, அதனைச் சவ்வுக் கலத்தில் இட்டு, வெளிநீரை மாற்றிக்கொண்டே வந்தார் கிரகாம். குளோரைடு மெல்ல வெளியேறியது. உள்ளே செந்நிறத் தெளிநீர்மம் எஞ்சியது. பார்வைக்கு அது கரைசல். உண்மையில் நீரில் மிதக்கும் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களின் கூட்டம். அந்நீர்மம் நெடுநாள் தெளிவாகவே இருந்தது. அதில் சிறிதளவு உப்பைச் சேர்த்தவுடன் உறைந்து கட்டியானது. துகள்கள் ஒவ்வொன்றும் நேர்மின்னூட்டம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன என்பதும், உப்பு அவ்விலக்கத்தைத் தணித்துவிடுகிறது என்பதும் பின்னர் தெளிவாயின. புதுமை நிலையைக் காக்கும் முதல் உத்தி இவ்வாறு மின்னூட்டமாக அமைந்தது. இவ்வழியில் ஆக்கிய ‘டயாலிசிஸ் இரும்பு’ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரத்தசோகைக்கு மருந்தாகவும் விற்கப்பட்டது.

அளக்கும் கருவிகளின் வருகை

கிரகாம் தம் துகள்களைக் கண்டவரல்லர்; சவ்வைக் கடக்க இயலாமையைக் கொண்டு அவற்றின் பருமையை உய்த்துணர்ந்தவர். துகளை நேரடியாக அளப்பதற்கு மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. 1903இல் ரிச்சர்ட் சிக்மாண்டியும் ஹென்றி சீடென்டாஃபும் அறிமுகப்படுத்திய மீநுண்ணோக்கி, கூழ்மத்தின் பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சி, துகள்கள் சிதறடிக்கும் ஒளிப்புள்ளிகளைக் காட்டியது. துகளின் வடிவம் தெரியவில்லை. அது உண்டென்பது தெரிந்தது. சிக்மாண்டி 1925ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

அடுத்த படி கோட்டிங்கனில் எடுத்து வைக்கப்பட்டது. 1916இல் பீட்டர் டெபையும் பால் ஷெரரும் பொடி நிலையில் உள்ள பொருளின்மேல் எக்ஸ்-கதிரைச் செலுத்தி அதன் படிக ஒழுங்கை அறியும் முறையை வகுத்தனர். 1918இல் ஷெரர் ஓர் எளிய உறவைக் கண்டறிந்தார். படிகம் சிறிதாகுந்தோறும் எக்ஸ்-கதிர் வரைவில் தோன்றும் கோடு அகலமாகும் என்பதே அது. கோட்டின் அகலத்தை அளந்தால் படிகத்தின் அளவைக் கணக்கிடலாம். கூழ்மப் பொன்துகள்களை அளப்பதற்காகப் பிறந்த இவ்வுறவு இன்றும் உலகெங்கும் நானோ ஆய்வகங்களில் முதல் அளவீடாகப் பயன்பட்டு வருகிறது. பன்சனின் மருந்து ஏன் புதிதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லக்கூடிய கருவி, அம்மருந்து பிறந்த நகரிலேயே 84 ஆண்டுகளுக்குப் பின் உருவானது.

1931இல் மாக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் அமைத்த மின்னணு நுண்ணோக்கி துகளின் உருவத்தைக் காணும் வழியைத் திறந்தது. 1938இல் ஸ்டீபன் புருனவர், பால் எம்மெட், எட்வர்ட் டெல்லர் ஆகியோர், குளிர்ந்த நிலையில் ஒரு பொடி பற்றிக்கொள்ளும் வாயுவின் அளவைக் கொண்டு அதன் புறப்பரப்பைக் கணிக்கும் கோட்பாட்டை வெளியிட்டனர். அளவு, உருவம், பரப்பு ஆகிய மூன்றும் இவ்வாறு எண்ணுக்கு உட்பட்டன.

இக்கருவிகளின் துணையோடு புதுவீழ்படிவை ஆய்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. அதன் எக்ஸ்-கதிர் வரைவில் கூரிய கோடுகள் இல்லை. அகன்று மங்கிய இரண்டு மேடுகளே தென்பட்டன. நெடுங்காலம் அது ஒழுங்கற்ற இரும்பு ஹைட்ராக்சைடு என்றே வழங்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் சோவியத் கனிமவியலார் சுக்ரோவும் அவருடன் பணியாற்றியோரும் அதனைத் தனிக்கனிமமாக வரையறுத்து ஃபெரிஹைட்ரைட் எனப் பெயரிட்டனர். இரண்டு மேடுகள் மட்டும் காட்டும் வகை ‘இருகோட்டு ஃபெரிஹைட்ரைட்’ எனப்பட்டது. அதன் அணு அமைப்பு பற்றி 2007இல் ஒரு புதிய மாதிரி முன்வைக்கப்பட்டது. அதன் மீதான விவாதமும் தொடர்ந்தது. வாளியில் ஐந்து நிமிடத்தில் ஆக்கக்கூடிய பொருளின் அமைப்பை அறிவதற்கு ஒன்றரை நூற்றாண்டும் போதாமற்போனது. ஆக்குதல் எளிது, அறிதல் அரிது என்பது இத்துறைக்கே உரிய நிலை.

உடலினுள் இரும்புத் துகள்

1937இல் செக் நாட்டு உடலியங்கியலாளர் விலெம் லாஃப்பெர்கர் குதிரையின் மண்ணீரலிலிருந்து இரும்பு மிகுந்த ஒரு புரதத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஃபெரிட்டின் எனப்படும் அப்புரதம் 24 துணையலகுகளால் ஆன உள்ளீடற்ற கூடு. கூட்டின் வெளிவிட்டம் ஏறத்தாழ 12 நானோமீட்டர். உட்குழிவின் விட்டம் 8 நானோமீட்டர். அக்குழிவினுள் 4500 வரையிலான இரும்பு அணுக்கள் ஃபெரிஹைட்ரைட்டை ஒத்த வடிவில் சேமிக்கப்படுகின்றன.

உடலுக்கு இரும்பு வேண்டும். ஆனால் தனித்துத் திரியும் இரும்பு திசுக்களுக்குக் கேடு செய்யும். கோதைட்டாகவோ ஹேமடைட்டாகவோ இறுகிவிட்டால் தேவைப்படும்போது மீட்க இயலாது. ஆகவே எளிதில் கரைத்து எடுக்கத்தக்க புதுநிலையிலேயே அதனை வைத்திருக்க வேண்டியுள்ளது. இதற்கு உயிரினம் கண்ட வழி, துகளைப் புரதக் கூட்டினுள் அடைத்து வளரவிடாமல் தடுப்பதாகும். கிரகாம் மின்னூட்டத்தால் செய்ததை உடல் கூட்டினால் செய்கிறது. அடைத்துவைத்தல் என்னும் இவ்வுத்தி பின்னர் மனித ஆய்வகத்திலும் வேறு வடிவில் இடம்பெற்றதைக் கீழே காணலாம்.

காந்தத் துகள்களும் சீரான அளவும்

இரும்பு ஆக்சைடுகளுள் மேக்னடைட் காந்த இயல்புடையது. 1949இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல், காந்தத் துகள் மிகச் சிறிதானால் வெப்பத்தின் அசைவே அதன் காந்தத் திசையை இடைவிடாது புரட்டிவிடும் எனக் காட்டினார். அத்தகைய துகள் புறக்காந்தம் அருகிலிருக்கும்போது ஈர்க்கப்படும். அகற்றினால் காந்த நினைவின்றி மீண்டும் பிரிந்து மிதக்கும். இவ்வியல்பே பின்வந்த பயன்பாடுகளுக்கெல்லாம் அடிப்படை.

1963இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் ஸ்டீபன் பாப்பெல், எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் ஈர்த்து வழிப்படுத்தும் நோக்கில் காந்த நீர்மத்தை உருவாக்கினார். மேக்னடைட் பொடியை ஒலீயிக் அமிலத்துடன் உருண்டை அரைவைக் கலத்தில் நெடுநேரம் அரைப்பதே அவர் முறை. ஒலீயிக் அமிலம் துகளைச் சுற்றிப் படர்ந்து அவை ஒட்டாமல் காத்தது. 1981இல் பாரிஸில் ரெனே மசார் அரைத்தலைத் தவிர்த்தார். இருவித இரும்பு உப்புகளையும் நீரில் கலந்து காரத்தைச் சேர்த்து மேக்னடைட் துகள்களை நேரடியாக வீழ்படிவாக்கி, அவற்றின் மின்னூட்டத்தை மட்டும் துணைகொண்டு நீரில் மிதக்கச் செய்தார். கிரகாமின் உத்தி இங்கு மீண்டும் வந்தது. இணைவீழ்படிவு எனப்படும் இம்முறையே இன்று கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் முதலில் பயில்வது.

நீரில் பிறக்கும் துகள்கள் ஒரே அளவினவாக அமைவதில்லை. 2004இல் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹியோன் டெக்வான் குழுவினர் இரும்பு ஒலியேட்டை உயர் கொதிநிலைக் கரைப்பானில் மெல்லச் சூடாக்கி, அளவு பிரிக்கும் வேலையே இன்றி, ஒரே வினையில் 40 கிராம் அளவுக்குச் சீரான துகள்களைப் பெற்றனர். அதுவரை மில்லிகிராம் கணக்கில் பேசப்பட்டு வந்த துறையில் இது ஒரு திருப்பம். ஆயின் அதற்குக் கரிமக் கரைப்பானும் உயர் வெப்பமும் வேண்டும். நீர்வழியில் மலிவும், சூட்டுவழியில் சீர்மையும் கிடைத்தன. இரண்டையும் ஒருங்கே பெறுதல் கடினமாயிற்று.

வங்கத்தின் குழாய்க்கிணறுகள்

இத்துகள்களின் வரலாற்றை மீண்டும் ஆர்சனிக்கிடம் இட்டுவந்தது வங்கத்தின் நிலத்தடி நீர். குளத்துநீரால் பரவிய வயிற்றுப்போக்கு நோய்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் பொருட்டு 1970களிலிருந்து வங்கதேசத்தில் யுனிசெஃப் முதலிய அமைப்புகளின் துணையுடன் குழாய்க்கிணறுகள் பெருமளவில் இறக்கப்பட்டன. நுண்ணுயிர்த் தொல்லை குறைந்தது. ஆயின் அந்நீரில் ஆர்சனிக் உள்ளதா என எவரும் சோதித்திருக்கவில்லை. மேற்கு வங்கத்தில் 1983இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாகா, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்து, உடலில் கரும்புள்ளிகளுடன் வந்த நோயாளிகளிடம் ஆர்சனிக் நச்சேற்றத்தைக் கண்டறிந்தார். வங்கதேசத்தில் 1993இல் நவாப்கஞ்ச் பகுதிக் கிணறுகளில் அது உறுதியாயிற்று. 2001இல் வெளியான பிரித்தானிய நிலவியல் அளவை நிறுவனத்தின் அறிக்கை 3534 கிணறுகளை ஆய்ந்தது. ஆழம் குறைந்த கிணறுகளுள் 27 விழுக்காட்டில் ஆர்சனிக் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 1993இல் வகுத்த வழிகாட்டு வரம்போ 10 மைக்ரோகிராம்.

நஞ்சின் தோற்றுவாய் இக்கட்டுரைப் பொருளோடு நேரடித் தொடர்புடையது. இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டல் மணிகளின்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளது. அப்பூச்சு ஆர்சனிக்கைப் பற்றிவைத்திருந்தது. வண்டலில் புதைந்த கரிமப் பொருளை உண்டு வாழும் நுண்ணுயிரிகள், ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பு ஆக்சைடை ஒடுக்கமடையச் செய்து கரைக்கின்றன. பூச்சு கரைய, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீரில் விடுபடுகிறது. பன்சனின் மருந்து செய்த செயலை நிலம் பன்னெடுங்காலமாகச் செய்து வந்தது. அச்செயல் தலைகீழானபோது கிணறு நஞ்சாயிற்று.

தீர்வும் அதே இரும்பிலேயே தேடப்பட்டது. வங்கதேசத்தின் குஷ்டியாவில் அபுல் உசாம், ஏ. கே. எம். முனீர் ஆகியோர் உருவாக்கிய சோனோ வடிகட்டியில் இரும்புத் துகள்கள் மெல்லத் துருவாகி, அவ்வப்போது பிறக்கும் புதுத்துரு ஆர்சனிக்கைப் பற்றுகிறது. மின்சாரம் வேண்டாத இவ்வடிகட்டிக்கு அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் 2007இல் பத்து லட்சம் டாலர் பரிசளித்தது. மற்றொரு வழியை அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் விக்கி கால்வினும் ஜாஃபர் யாவுஸும் அவர்தம் குழுவினரும் 2006இல் காட்டினர். 12 நானோமீட்டர் மேக்னடைட் துகள்கள் நீரிலுள்ள ஆர்சனிக்கின் பெரும்பங்கைப் பற்றின. பின்னர் எளிய காந்தமொன்றால் அவற்றை நீரிலிருந்து அகற்றவும் முடிந்தது. அதே எடையுள்ள 300 நானோமீட்டர் துகள்கள் அதைவிட மிகக் குறைந்த பங்கையே நீக்கின. அளவே ஆற்றல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சென்னையில் ஓர் அடைப்பு உத்தி

வீட்டுப் பயன்பாட்டை நோக்கிய அடுத்த முயற்சி சென்னையில் நிகழ்ந்தது. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழுவினர், இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான் என்னும் உயிர்ப்பல்லுறுப்பியை அடிப்படையாகக் கொண்டு, மணல்போன்ற குறுணை வடிவில் உலோக ஆக்சைடு நானோ பொருள்களை ஆக்கும் முறையை வளர்த்தனர். 2013இல் வெளியான அவர்களது ஆய்வு, அலுமினியம் சார்ந்த இத்தகைய குறுணையில் வெள்ளித் துகள்களைப் பொதிந்து நுண்ணுயிர் நீக்கத்துக்குப் பயன்படுத்தியது. 2017இல் வெளியான ஆய்வு ஆர்சனிக்கை எடுத்துக்கொண்டது. அதில் அவர்கள் தேர்ந்த பொருள் இருகோட்டு ஃபெரிஹைட்ரைட்.

இத்தேர்வின் பொருத்தத்தை மேற்கண்ட வரலாறு விளக்குகிறது. ஃபெரிஹைட்ரைட்டின் பரப்பு மிகப் பெரிது. ஆயின் அது நிலையற்றது, காலப்போக்கில் கோதைட்டாகவோ ஹேமடைட்டாகவோ மாறிவிடும். கைட்டோசான் வலைப்பின்னலில் பிறக்கும் துகள்கள் அவ்வலையிலேயே சிறைப்பட்டு விடுவதால் வளர்ந்து உருமாறுவதில்லை. சாதாரண வெப்பநிலையில் நிலைக்கின்றன. நீரில் கசிந்து செல்வதும் தடுக்கப்படுகிறது. ஆக்கமும் அறைவெப்பநிலையில், நீரிலேயே நடைபெறுகிறது. ஃபெரிட்டின் புரதக் கூடு செய்வதைக் கைட்டோசான் வலை செய்கிறது எனலாம். ‘அம்ரித்’ என்னும் பெயரில் இத்தொழில்நுட்பம் ஆர்சனிக் பாதித்த இந்தியப் பகுதிகளில் வீட்டு வடிகட்டியாகவும் ஊர்ப்பொது நிலையமாகவும் அமைக்கப்பட்டது.

ஆர்சனிக் பற்றப்படும் விதத்தையும் இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். இயல்பான குடிநீரில் ஃபெரிஹைட்ரைட்டின் பரப்பு நேர்மின்னூட்டமும், ஆர்சனேட் அயனி எதிர்மின்னூட்டமும் கொண்டுள்ளன, ஈர்ப்பு இயல்பானது. ஆழ்நீரில் மிகுந்துள்ள ஆர்சனைட்டோ மின்னூட்டம் அற்றது. எனினும் அதுவும் பரப்பிலுள்ள இரும்பு அணுவோடு ஆக்சிஜன் வழியாக வேதிப்பிணைப்புக் கொள்கிறது. வெறும் ஈர்ப்பாக மட்டும் அன்றிப் பிணைப்பாகவும் அமைவதனால்தான் பற்றிய நஞ்சு எளிதில் நழுவுவதில்லை. நீரிலுள்ள பாஸ்பேட்டும் சிலிகேட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. ஆய்வகத்தின் தூயநீரில் சிறந்து விளங்கும் பொருள் ஊர்க்கிணற்று நீரில் தளர்வதற்கு இது முதன்மைக் காரணம்.

எஞ்சும் சிக்கல்

பற்றப்பட்ட ஆர்சனிக் அழிவதில்லை, இடம் மாறுகிறது. ஆற்றல் தீர்ந்த வடிகட்டிக் குறுணை, பல்லாயிரம் லிட்டர் நீரின் நஞ்சைத் தன்னுள் தாங்கியிருக்கும். அதனைக் காற்றுப் புகாத குப்பைக்குழியில் கரிமக் கழிவோடு புதைத்தால், வங்கத்து வண்டலின் ஆழத்தில் நிகழ்ந்ததே அங்கும் நிகழக்கூடும். நுண்ணுயிரிகள் இரும்பு ஆக்சைடைக் கரைத்து நஞ்சை விடுவிக்கலாம். எனவே ஒரு வடிகட்டிப் பொருளை மதிப்பிடுங்கால் அது எவ்வளவு பற்றுகிறது என்பதோடு, பயன்தீர்ந்த பின் எங்குச் சென்று சேர்கிறது என்பதையும் கணக்கிடுதல் கடமையாகிறது. குழாய்க்கிணறு இறக்கியோரின் நோக்கம் நன்றே. நீரைச் சோதிக்காமையே பிழையாயிற்று. வடிகட்டியின் கழிவைச் சோதிக்காமல் விடுவது அப்பிழையை மீண்டும் செய்வதாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, இரும்பு ஆக்சைடு நானோ துகள்களின் ஆக்கம் ‘நானோ’ என்னும் சொல்லுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது. 1834இன் புதுவீழ்படிவும் 1861இன் கூழ்மமும் அளவால் இவ்வகையினவே. 20ஆம் நூற்றாண்டு புதிதாகத் தந்தது பொருளை அன்று; அதனை அளக்கும் ஆற்றலையும், அளந்து ஆளும் ஆற்றலையும் ஆகும்.

இரண்டாவது, இவ்வரலாற்றின் மையச் சிக்கல் துகளை ஆக்குவதன்று. அதன் புதுமை கெடாமல் காப்பதே. உடனுக்குடன் கலந்து கொடுத்தல், மின்னூட்டத்தால் விலக்கி நிறுத்தல், ஒலீயிக் அமிலத்தால் போர்த்தல், இரும்பை மெல்லத் துருவேறவிட்டுப் புதுத்துருவை இடையறாது பெறுதல், பல்லுறுப்பி வலையில் அடைத்தல் ஆகியன அச்சிக்கலுக்கு வெவ்வேறு காலத்தார் கண்ட விடைகள். உயிரினம் புரதக் கூட்டின் வழியே அவ்விடையை முன்னரே கொண்டிருந்தது.

மூன்றாவது, ஆர்சனிக்கை இரும்பு பற்றும் என்னும் அறிவு 1834 முதல் அச்சில் இருந்தும், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்துச் சிற்றூர்கள் பல ஆண்டுகள் நஞ்சுநீரையே பருகின. அறிவு இல்லாமையால் நேர்ந்த துன்பமன்று அது; நீரைச் சோதிக்காமையாலும், அறிந்ததை மலிவான பொருளாக ஊர்தோறும் சேர்க்காமையாலும் நேர்ந்தது. நானோ துகள் ஆய்வின் மதிப்பை அளக்குங்கால் துகளின் விட்டத்தோடு, அது சென்று சேர்ந்த குடங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து எண்ணுதல் தகும்.